நாலு மணிக்கு நின்றுவிடும் ஏசி

ஜூன் 14, வெள்ளி

நாற்பத்தாறு டிகிரி. மாலை நாலு மணிக்கு ஏசி நின்றது.

கோடை நேரம் என்பதால் நான் வேலை பார்க்கும் நோட்டரி அலுவலகம் மூன்றுக்கே முடிகிறது. நான் வந்து செருப்பைக் கழற்றி, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து, உட்கார்ந்தேன். உள்ளே காற்று வந்துகொண்டிருந்தது, ஆனால் அதில் குளிர் இல்லை. வெளியே பக்கச் சுவரோரம் இருக்கும் அவுட்டோர் பெட்டியிலிருந்து சத்தமே இல்லை.

அம்மா ஈரத் துணியைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு கட்டிலில் இருந்தாள். எழவில்லை.

"என் காலுக்கு சுவிட்சு அந்த ரிமோட்டுலதான்டி இருக்கு" என்றாள்.

என்னைச் சிரிக்க வைக்கச் சொன்னது. ஆனால் உண்மை. மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ் வந்து நாலு வருடம். மருத்துவர் முதல் நாளே சொல்லிவிட்டார்: உடம்பு சூடேறினால் நரம்பில் செய்தி ஓடாது, கால் சொன்னபடி கேட்காது, கண் எல்லாவற்றையும் இரண்டாகப் பார்க்கும், குளிர்ந்தால் திரும்பி வரும். ஒவ்வொரு முறையும் திரும்பி வருமா என்று கேட்டேன். அவர் ஃபைலை மூடினார்.

மெஹிகாலியின் பாலைவன வெயிலில் ஏசி இல்லாமல் இந்த நோயோடு ஒரு கோடையைக் கடக்க முடியாது. அண்ணன் கமாலியெல் என்செனாதாவிலிருந்து இரண்டு வருடமாக இதைத்தான் சொல்கிறான். அங்கே கடல் காற்று. அவனுடைய பிள்ளைகளின் அறையில் அம்மாவுக்கு ஒரு கட்டில்.

இங்கே இந்த வீடு. அம்மா தொழிற்சாலையில் பத்தொன்பது வருடம் சாலிடர் வைத்து, வீட்டுக் கடனுக்குச் சம்பளத்தில் பிடித்துப் பிடித்துப் போய், போன மார்ச்சில்தான் கடைசித் தவணை முடிந்தது.

"இப்பத்தான் என்னுதாச்சு. இப்பப் போய் இன்னொருத்தர் வீட்டுல விருந்தாளியா இருக்கச் சொல்றியா?" அவனிடம் அம்மா ஒவ்வொரு தடவையும் சொல்லும் பதில்.

ஏசி ஓடும்வரை அந்தப் பதில் செல்லும்.

ஜூன் 15

காலையில் தானாகவே ஓடியது. நாலரைக்கு நின்றது. மெக்கானிக் ரிகோபெர்த்தோ திங்கள்கிழமைதான் வருவாராம். ஊரே வரிசையில் நிற்கிறது.

ஜூன் 17, திங்கள்

ரிகோபெர்த்தோ இரண்டு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். நான் அலுவலகத்தில் அனுமதி வாங்கி ஒன்றரைக்கே வந்து பேனரைக் கழற்றிச் சுருட்டி, துணி துவைக்கும் தொட்டிக்குப் பின்னால் வைத்தேன்.

பேனரைப் பற்றி எழுத வேண்டும். ஏப்ரலில் பக்கத்து வீட்டுத் தோமாசா அக்காவின் அவுட்டோரைத் தாமிரக் குழாய்க்காக யாரோ பிய்த்துக்கொண்டு போனார்கள். தெருவில் எல்லோரும் கூண்டு போட்டோம். எங்கள் கூண்டைத் தோமாசாவின் கணவர் பற்றவைத்துக் கொடுத்தார், பூட்டோடு. கம்பி வழியே இயந்திரம் தெரிகிறதே என்று எனக்குத்தான் நிம்மதியில்லை. தேர்தல் சமயம். கட்சிக்காரர்கள் பீன்ஸும் அரிசியும் ஒரு ஃப்ளெக்ஸ் பேனரும் கொடுத்துவிட்டுப் போனார்கள். அம்மா வாங்கி வைத்துக்கொண்டாள்.

"என் ஓட்டு வேற, பேனர் வேற. நல்ல தடிமனா இருக்கு பாரு."

அதைக் கூண்டைச் சுற்றி நாலு பக்கமும் இழுத்துக் கட்டினேன். திருடனுக்குத் தெரியாது, இயந்திரத்துக்கும் நிழல். தெரு முழுக்க இப்படித்தான் கார், கோழி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் யாராவது ஒரு வேட்பாளருக்குப் பின்னால் நிற்கின்றன. ஆனால் எங்கள் சுவரோரப் பேனரில் அந்த ஆள் எல்லாப் பல்லையும் காட்டிச் சிரிப்பதை வெளியாள் பார்ப்பது எனக்குப் பிடிக்கவில்லை. பல்கலைக்கழகத்தில் அவனுக்கு எதிராக ஊர்வலம் போனவள் நான். யாராவது வந்தால் முதலில் பேனரைக் கழற்றிவிடுவேன்.

ரிகோபெர்த்தோ கூண்டைப் பார்த்ததும், "என்னம்மா இது, சிங்கம் வளக்கிறீங்களா?" என்றார்.

கூண்டுக் கதவைத் திறந்து குழாயில் மீட்டரை மாட்டினார். "கேஸ் கொஞ்சம் கம்மி." ஏற்றினார். ஆயிரத்து நானூறு பேசோ. அரை மணி நேரத்தில் வீடு குளிர்ந்தது. அம்மா கட்டிலிலிருந்து சமையலறைக்கு நடந்தாள். ஒன்பது காலடி. அவளுக்குத் தெரியாமல் எண்ணும் வழக்கம் எனக்கு.

சாயங்காலம் பேனரைத் திரும்பக் கட்டினேன்.

ஜூன் 19

நாலு மணி. நின்றுவிட்டது.

அம்மா கடிகாரத்தையும் ஏசியையும் பார்த்து, "ரெண்டு கடிகாரத்துலயும் நாலுதான்" என்றாள்.

ஜூன் 20, வியாழன்

ரிகோபெர்த்தோ இரண்டாம் தடவை. பேனர் கீழே, கூண்டு திறந்து. இயந்திரம் நல்ல பிள்ளையாக ஓடியது.

"இப்ப ஓடுதே?"

"நேத்து ஓடலையே."

"கேஸ் திரும்ப இறங்கியிருக்கும். இன்னும் கொஞ்சம் போட்டு வைக்கிறேன்."

"மூடின குழாய்க்குள்ள இருக்கிற கேஸ் எங்க போவும்?"

"போகும்மா. எங்கயாவது போகும். வெயில் காலம்."

எழுநூறு. அவர் பொய் சொல்லவில்லை என்றே தோன்றியது. அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். தெரியவில்லை என்று சொல்ல ஒரு நாளில் பதினோரு வீடு பார்ப்பவருக்கு எங்கே நேரம்? எனக்கும் அடுத்த கேள்வி கேட்கத் தெரியவில்லை. கசிவு இருந்தால் முதலில் அதைக் கண்டுபிடித்துக் காட்டுங்கள், பிறகு கேஸ் போடுங்கள்— இந்த ஒரு வாக்கியம். இரவு படித்துத் தெரிந்துகொண்டேன். கேஸ் பெட்ரோல் இல்லை, அது தீர்வதில்லை. கசிந்தால்தான் குறையும்.

ஜூன் 22

நின்றது.

ஜூன் 24, திங்கள்

அம்மா குளியலறையில் விழுந்துவிட்டாள்.

ஏசி நின்றபோது நான் கூடுதல் வேலைக்காக இன்னும் அலுவலகத்தில் இருந்தேன். அவள் தண்ணீரில் உடம்பைக் குளிர வைக்கலாம் என்று சுவரைப் பிடித்துக்கொண்டே போயிருக்கிறாள். கூரைத் தொட்டித் தண்ணீர் கொதித்திருக்கிறது. குழாயைத் திறந்தால் வெந்நீர்தான் வரும் என்று இந்த ஊரில் யாருக்குத்தான் தெரியாது— அவளுக்கே தெரியும்— ஆனாலும் போயிருக்கிறாள். தோமாசா அக்கா சத்தம் கேட்டு வந்து தூக்கியிருக்கிறாள்.

எலும்பு முறியவில்லை. உதட்டில் இரண்டு தையல்.

கமாலியெலுக்கு நான் சொல்லவில்லை. தோமாசா சொல்லிவிட்டாள். பத்து நிமிடத்தில் அவன் அழைத்தான்.

"நீ என்னதான் பண்ணிட்டிருக்க நெரே? ஒரு ஏசியை சரி பண்ண முடியலையா ஒன்னால? படிச்சவதானே நீ?"

"ரெண்டு தடவை மெக்கானிக் வந்தாச்சுண்ணா."

"அம்மா விழுந்தாச்சு. அதைச் சொல்லு."



ஜூன் 27, வியாழன்

இம்முறை பெரிய நிறுவனத்து ஆள். சட்டையில் சின்னம், கையில் டேப்லெட், காலணிக்கு மேல் நீலப் பிளாஸ்டிக் உறை. வருகைக்கு மட்டும் அறுநூறு. நான் வழக்கம்போல் பேனரைச் சுருட்டி ஒளித்தேன்.

அரை மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தார். ஓடியது. எனக்கு அவமானமாக இருந்தது. பல் வலி என்று போய் நாற்காலியில் உட்கார்ந்ததும் வலி நின்ற மாதிரி.

"நீங்க வந்தா மட்டும் ஒழுங்கா ஓடுது" என்றேன்.

"சாகப்போற நேரத்துல அப்படித்தாங்க. பிரஷர் ரொம்ப ஏறியிருக்கு. கம்ப்ரசர் போச்சு."

"போச்சுன்னா?"

"இன்னிக்கோ நாளைக்கோ."

டேப்லெட்டைத் திருப்பிக் காட்டினார். கம்ப்ரசர் மாற்ற பதினோராயிரத்து எண்ணூறு. புதிதாகவே வாங்கினால் பத்தொன்பதாயிரத்து ஐந்நூறு. "பழசுல காசைக் கொட்டாதீங்க. இன்னிக்கே சொன்னா ஒரு சலுகை இருக்கு." என் இரண்டு வாரச் சம்பளம் ஐந்தாயிரத்து முந்நூறு.

கம்ப்ரசருக்குப் பத்து வருட உத்தரவாதம் உண்டே என்றேன். வாங்கின முப்பது நாளுக்குள் பதிவு செய்தீர்களா என்று கேட்டார். அந்தத் தாள் என் மேசை இழுப்பறையில் மூன்று வருடமாக இருக்கிறது. காலியாக.

அலுவலகத்தில் நாள் முழுக்க மற்றவர்களின் வீட்டுப் பத்திரங்களில் ஒரு காற்புள்ளி தவறாமல் பார்ப்பவள் நான்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அம்மா கட்டிலில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் போன பிறகு, "அந்த ஆளு காலுக்கு உறை போட்டு நடந்தான் பாத்தியா? என் தரை அவ்ளோ சுத்தம்" என்றாள்.

பேனரைக் கட்டிவிட்டு வந்தேன்.

ஜூலை 1

அலுவலகத்தில் கடன் கேட்டேன். கிடைக்கவில்லை. ஆகஸ்ட் கடைசியில் பார்க்கலாமாம்.

ஜூலை 2, செவ்வாய்

கமாலியெல் விடியற்காலை வேனோடு வந்தான். வெயில் ஏறுவதற்குள் மலைப்பாதையைத் தாண்ட வேண்டும் என்று அவசரப்படுத்தினான். அவன் கோபமாக இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. அம்மாவின் மருந்துகளை ஒவ்வொன்றாகப் பெயர் படித்துப் பையில் வைத்தான்.

"வீட்டை வாடகைக்கு விட்டுடலாம். அம்மா மருந்துக்கு ஆவும். நீ ஒரு ரூம் எடுத்துக்கோ."

"அம்மாகிட்ட கேட்டியா?"

"கேட்டா என்ன சொல்லும்னு ஒனக்குத் தெரியாதா?"

அவளை இருவரும் தூக்கி வேனில் உட்காரவைத்தோம். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, "அந்த ரிமோட்டை எடுத்துக் குடு" என்றாள்.

"அங்க எதுக்கும்மா ரிமோட்? அங்க ஏசியே கிடையாது" என்றான் கமாலியெல்.

"என் கால்டா அது. இங்க வச்சுட்டா போவேன்? என் பையிலயே இருக்கட்டும்."

பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். வேன் திரும்பும்வரை வீட்டைப் பார்க்கவே இல்லை.

ஜூலை 5

ஏசி போடவில்லை. எனக்கு எதற்கு? ஈரப் போர்வை, மின்விசிறி. முலாம்பழத் தண்ணீர். சீனக் கடையில் வாங்கின வறுத்த சோறு இரண்டு நாளாக இருக்கிறது.

அம்மாவின் கட்டிலில் பள்ளம் அப்படியே.

ஜூலை 9, செவ்வாய்

புழுதிக் காற்று. ஐந்து மணிக்கே தெரு பழுப்பாகிவிட்டது. ஜன்னல்களைச் சாத்தியதும் வீடு அடுப்பானது. ரிமோட் இல்லாததால் நாற்காலி போட்டு ஏறி உள்பெட்டியின் ஓரத்தில் இருக்கும் பொத்தானை அழுத்தினேன். ஓடியது. ஓடினாலும் எத்தனை மணி நேரம்?

வெளியே எங்கோ ஒரு தகரம் இரவெல்லாம் அடித்துக்கொண்டது.

ஜூலை 10

நாற்பத்தேழு டிகிரி. மூன்றரைக்கு வந்தேன். ஏசியை அணைக்காமலே அலுவலகம் போயிருக்கிறேன். வீடு குளிர்ந்து கிடந்தது. நாலு. நாலரை. ஆறு. நிற்கவில்லை.

அம்மா இல்லாததால் ஓடுகிறதா? இப்படி எழுதக்கூடாது. எழுதிவிட்டேன்.

ஜூலை 11, வியாழன்

இன்றும் மூன்றரைக்கு வீடு குளிர்ந்தே இருந்தது. தோமாசா அக்கா கதவைத் தட்டினாள். கையில் புழுதி படிந்த பேனர்.

"இந்தா, ஒன் ஆளு என் கோழிக்கூண்டு மேல வந்து படுத்திருந்தான். ரெண்டு நாளா கோழி ஒண்ணும் முட்டை போடல. பயந்துபோச்சு."

"அக்கா, அவன் என் ஆளு இல்ல."

"சுவரோரம் கட்டி வச்சிருக்கியே, அப்புறம் யாரு ஆளு?" சிரித்தாள். அம்மாவின் உதட்டைப் பற்றிக் கேட்டாள். போனாள்.

பழக்கத்தில் அதைக் கூண்டைச் சுற்றிக் கட்டினேன். முடிச்சுகளைக் கை தானாகவே போட்டது.

நாலு இருபதுக்கு அவுட்டோர் நின்றது.

நான் சமையலறையில் நின்றுகொண்டிருந்தேன். முதலில் ஒன்றும் தோன்றவில்லை. பிறகு வெளியே போய் பேனர்மேல் கை வைத்தேன். அந்த ஆளின் நெற்றி. வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. ஒரு முடிச்சை அவிழ்த்தேன். உள்ளிருந்து வந்த காற்று ரொட்டி அடுப்பைத் திறந்தது போல முகத்தில் அடித்தது.

எல்லா முடிச்சையும் அவிழ்த்தேன். வெறும் தரையில் உட்கார்ந்தேன். தரையும் சுட்டது. எழவில்லை.

நாலு ஐம்பத்தைந்துக்கு அது தானாகவே ஓடத் தொடங்கியது.

ஜூலை 12

கையேட்டின் ஏழாம் பக்கம். ஒரு பெட்டி, சுற்றிலும் அம்புக்குறிகள். ஒவ்வொரு அம்பின் மேலும் விட வேண்டிய இடைவெளி. எழுத்துகூட வேண்டாம், படம் போதும்.

வீட்டின் சூட்டை வாங்கி வெளியே துப்புவதுதான் அந்தப் பெட்டியின் வேலை. நான் அதன் வாயைக் கட்டினேன். அது தான் துப்பியதையே திரும்ப விழுங்கி, நாலு மணிக்கு மூச்சு முட்டி நின்றது. அது பழுதே இல்லை. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நின்றிருக்கிறது.

மூன்று தடவை ஆள் வந்தார்கள். மூன்று தடவையும் அவர்கள் வருவதற்கு முன் பேனரைக் கழற்றி ஒளித்தவள் நான். அதனால் மூன்று தடவையும் ஓடியது. ஏன் ஒளித்தேன்? யாரோ ஒரு மெக்கானிக் என்னைப் பற்றித் தப்பாக நினைத்துவிடக் கூடாதென்று.

அம்மா விழுந்தது அதற்காக. ரிமோட்டைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போனது அதற்காக.

இன்று அலுவலகம் போகவில்லை.

ஜூலை 13, சனி

ரிகோபெர்த்தோவை அழைத்தேன். இம்முறை பேனரைக் கட்டியே வைத்திருந்தேன்.

அவர் வந்து நின்று வெகுநேரம் பார்த்தார்.

"இது முன்னாடியும் இருந்துச்சா?"

"நீங்க வர்றப்ப கழட்டி வச்சிடுவேன்."

"ஏம்மா?"

சொன்னேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"இவருக்குத்தான் நான் ஓட்டுப் போட்டேன்" என்றார் பேனரைக் காட்டி.

பிறகு அவரே, "நானும் கேட்டிருக்கணும். எத்தனை மணிக்கு நிக்குதுன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா போதும். தினம் ஒரே நேரத்துக்கு நின்னா அது கேஸ் இல்ல, சூடு" என்றார்.

தேவையில்லாமல் ஏற்றிய கேஸை இறக்கினார். அந்த அதிகக் கேஸும் சேர்ந்துதான் பிரஷரை ஏற்றியிருக்கிறது. நிறுவனத்துக்காரர் பார்த்தது அதைத்தான். பின்பக்கத் தகடுகளில் படிந்திருந்த புழுதியைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினார். வாங்கின எழுநூறைத் திருப்பித் தந்தார். ஆயிரத்து நானூறைத் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

"கம்ப்ரசர் நல்லா அடி வாங்கியிருக்கும்மா. ரெண்டு கோடை ஓடலாம். ரெண்டு வாரத்துலயும் போகலாம். பொய் சொல்ல மாட்டேன்."

ஜூலை 16, செவ்வாய்

வாடகை ஒப்பந்தம் என் மேசைக்கே வந்தது. கமாலியெல் எங்கள் அலுவலகத்துக்கே அனுப்பியிருக்கிறான், கட்டணம் குறையும் என்று. ஆகஸ்ட் ஒன்று முதல். ஒரு பள்ளி ஆசிரியர், மனைவி, ஒரு பூனை. உரிமையாளர்: ஒப்துலியா. அம்மாவின் பெயரை நானே தட்டச்சு செய்தேன். பாதியில் எழுந்து போய் அவளை அழைத்தேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். மறைக்கவில்லை. கம்ப்ரசரைப் பற்றியும்.

பின்னால் குழந்தைகள் கத்தினார்கள்.

"அப்ப ஒரு பேனருக்காகவா நான் இந்தக் கட்டில்ல கிடக்கேன்?"

"ஆமாம்மா."

"பீன்ஸ் குடுத்தப்பவே சந்தேகப்பட்டிருக்கணும் நான்" என்றாள்.

அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை. பிறகு குரலை இறக்கி, "இங்க நல்லாத்தான் பாத்துக்கறாங்கடி. குளிர்ச்சியா இருக்கு. ஆனா கால் மட்டும் முழுசா வரல. இடது கால். அது வெயிலுக்குப் போனதா, விழுந்ததுல போனதான்னு தெரியல" என்றாள்.

சுவரில் சாய்ந்து நின்றேன்.

"நெரே, இருக்கியா? அழுவாத. அந்த ஒப்பந்தத்துல நான் கையெழுத்துப் போடலன்னா என்ன ஆவும்?"

"ஒண்ணும் ஆவாது."

"அதைச் சொல்லு."

ஜூலை 18

கமாலியெல்: "அது மறுபடி நின்னா?"

நான்: "நின்னா அன்னிக்கே அம்மாவை நான் ஒன்கிட்ட கொண்டுவந்து விடுறேன். ஒரு ராத்திரி கூட வைக்க மாட்டேன்."

"எழுதிக் குடு."

எழுதிக் கொடுத்தேன். நோட்டரி முத்திரை இல்லாமல். புகைப்படம் எடுத்து அனுப்பினேன். அவன் ஒரு கட்டைவிரல் படம் மட்டும் அனுப்பினான்.

ஜூலை 20, சனி

தோமாசாவின் கணவர் கூண்டை அறுத்தார். முன்பக்கமும் மேல்பக்கமும் இல்லை இப்போது. இயந்திரத்தின் கால்களைச் சங்கிலி போட்டுச் சுவரோடு பிணைத்திருக்கிறார்.

"திருடன் வந்தா?" என்றேன்.

"வந்தா வரட்டும். அவனுக்கும் வேர்க்கும்ல, நாலு மணிக்கு வர மாட்டான்."

பேனர் இப்போது தோமாசாவின் கோழிக்கூண்டின் மேல். கோழிகள் பழகிவிட்டன. அந்த ஆள் தேர்தலில் ஜெயித்தும்விட்டான்.

ஆகஸ்ட் 8, வியாழன்

நாற்பத்தொன்பது. வானொலியில் வெளியே போகாதீர்கள் என்றார்கள்.

அம்மா வந்து பன்னிரண்டு நாள். நாலு மணி ஆனால் இருவரும் பேச்சை நிறுத்துகிறோம். யாரும் சொல்லி வைத்துக்கொண்டதில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அந்த உறுமல் இருக்கிறதா என்று கேட்கிறோம். இருக்கிறது. பேச்சு விட்ட இடத்தில் தொடர்கிறது.

இன்றும் நாலு தாண்டியது. ஐந்து தாண்டியது. நான் மேசையில் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

"நெரே, குளிருதுடி. கொஞ்சம் ஏத்தி வையேன்" என்றாள் கட்டிலிலிருந்து.

ரிமோட் இன்னும் அவள் கைப்பையில்தான். பை சமையலறை மேசையில். நான் பேனாவை வைப்பதற்குள், "சரி விடு, எழுதுறதை எழுது. நானே போறேன்" என்று கட்டிலை விட்டு இறங்கினாள்.

எண்ணக்கூடாது என்று இந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். இடது செருப்பு தரையில் இழுபடும் சத்தம். நின்று, மறுபடி.

ஒன்பது காலடியில் சேரவில்லை. பதினொன்று.

பிறகு ஜிப் திறக்கும் ஒலி. ரிமோட்டின் சின்ன பீப்.